தண்ணீர் புகாததும் தண்ணீரைத் தாங்குவதும்

கேள்வி: பிஸ்கட் பொட்டலத்தில் 'பெஸ்ட் பிஃபோர்' தேதி முடிந்து மூன்று நாள் ஆகிறது. தூக்கிப் போடவா?

பதில்: வேண்டாம். அது சுவையும் மொறுமொறுப்பும் குறையத் தொடங்கும் தேதி. 'யூஸ் பை' என்று போட்டிருந்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: 'வாட்டர் ரெசிஸ்டன்ட் 30 மீட்டர்' என்று போட்ட வாட்ச். நீச்சல் குளத்தில் இறங்கிய இரண்டாம் நாளே கண்ணாடிக்குள் ஆவி படிந்துவிட்டது. தவறு என்னுடையதாம், கடையில் சொல்கிறார்கள்.

பதில்: இல்லவே இல்லை. 30 மீட்டர் என்று படிப்பவர் ஆழம் என்றுதான் எடுத்துக்கொள்வார். ஆனால் அது, அசையாத தண்ணீரில் அந்த ஆழத்தில் இருக்கும் அழுத்தத்தைச் சோதனையில் தாங்கியது என்பதற்கான குறி. நடைமுறையில் மழைத்தூறல், கை கழுவுதல், அவ்வளவுதான். நீந்த 100 மீட்டர் குறி இருப்பது நல்லது. முக்குளிக்க, முக்குளிப்பு வாட்சுகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 6425-இன்படி செய்ததாக இருக்க வேண்டும்.

'வாட்டர்ப்ரூஃப்' என்றால் தண்ணீர் புகவே புகாது. 'ரெசிஸ்டன்ட்' என்றால் ஓரளவு தடுக்கும். அந்த 'ஓரளவு' எவ்வளவு என்பதைப் பெரிய எழுத்தில் போடாததுதான் என் நெடுநாள் கோபம். தண்ணீரைத் தடுப்பது பின்மூடியைச் சுற்றியுள்ள மெல்லிய ரப்பர் வளையம். வெந்நீரும் சோப்பும் அதைக் கெடுக்கும், வயதானால் இறுகிவிடும். இது தெரியாமல் என் வாட்சைக் கட்டிக்கொண்டே பல வருஷம் வெந்நீரில் குளித்தேன். மூடியைத் திறந்தபோது வளையம் நகம் பட்டதும் பொடிந்தது. விநாடி முள்ளெல்லாம் துரு.

உங்கள் வாட்சின் விளம்பரத்தில் யாராவது அதைக் கட்டிக்கொண்டு நீந்துகிறாரா பாருங்கள். இருந்தால் அந்தப் படத்தையும் ரசீதையும் இணைத்து எழுத்தில் புகார் கொடுங்கள். விடாதீர்கள்.

கேள்வி: என் போன் 'ஐபி 67'. கடலில் படம் எடுத்தேன், செத்துவிட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கஷ்டம். தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் அந்தக் குறிக்கு, 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள், அதுவும் உப்பில்லாத தண்ணீரில். கையேட்டைப் பிரித்தீர்களா?

கேள்வி: கியாரண்டி, வாரண்டி, எது நல்லது?

பதில்: இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். கியாரண்டி என்றால் மாற்றித் தருவார்கள், வாரண்டி என்றால் பழுது பார்ப்பார்கள் என்பது கடைப்பேச்சு. அட்டையில் எழுதியிருப்பதுதான் செல்லும். வாங்குமுன் படியுங்கள். ரசீதைத் தொலைத்துவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.