பாட்டியின் மாக்கோலத்தைப் பாதுகாக்க மகள் சார்ட் அட்டையில் போட்டால், காய்ந்ததும் உதிர்கிறதா?

அரைத்த மாவில் கால் பங்கு ஃபெவிகால் கலந்து மகளைப் போடச் சொல்லுங்கள், உதிராது.

பச்சை மாவுக்கு ஒட்டும் தன்மை குறைவு. சொரசொரப்பான தரை அதைப் பிடித்துக்கொள்ளும். வழவழப்பான சார்ட் பிடிக்காது. சுருட்டினால் இன்னும் மோசம்.

1. பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, விரலில் நறநறக்காத அளவுக்கு நைசாக அரையுங்கள்.

2. பசை சேர்த்தபின், துணியில் நனைத்துப் பிழிந்தால் மோதிர விரல் வழியே நூலாக இறங்கும் பதத்துக்குத் தண்ணீர் விடுங்கள்.

3. துண்டு அட்டையில் ஓர் இழை இழுத்து, காய்ந்ததும் லேசாக வளைத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் பசை போதவில்லை.

அரிசி மாவைக் கரப்பான் அரிக்கும். வருடக்கணக்கில் வைக்க வெள்ளை போஸ்டர் கலரே மேல். நேர்ப்புள்ளியா (புள்ளிக்கு நேராகப் புள்ளி) ஊடுபுள்ளியா (இரு புள்ளிகளுக்கு இடையில் புள்ளி), எத்தனை வரிசை என்று பாட்டியிடம் கேட்டு அட்டையின் பின்னால் கட்டாயம் எழுதிவையுங்கள்.