இரண்டு விடையும் சரியாகத் தெரிந்தால் எதைக் குறிப்பது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். பகலில் துணிக்கடை வேலை, இரவில்தான் படிப்பு. பள்ளிப் பாடநூல்களில் உள்ள சொற்பொருள் எல்லாம் மனப்பாடம். ஆனாலும் ‘பொருத்தமான சொல்லால் நிரப்புக’ என்று வந்தால் நான்கில் இரண்டு சரியாகவே தெரிகின்றன. போன வாரம் மாதிரித் தேர்வில் ‘வடலூர்ப் பக்கம் போவதற்கு முன் வள்ளலார் சென்னை ஏழுகிணறு பகுதியில் பல ஆண்டுகள் ____’ என்று கேட்டிருந்தார்கள். தங்கினார், வாழ்ந்தார், குடியேறினார், ஒதுங்கினார் என நான்கு விடைகள். ‘தங்கினார்’ என்று போட்டேன், தவறாம். இன்னும் நிறையச் சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டுமா?”

வேண்டாம் சகோதரி. உங்களிடம் சொற்கள் போதுமான அளவு இருக்கின்றன. ஒரு சொல் எதனோடு சேரும், எதனோடு சேராது என்பதைப் பார்க்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை. உங்கள் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். விடை ‘பல ஆண்டுகள்’ என்ற இரண்டு சொற்களில் இருக்கிறது. தங்குவது என்றால் கொஞ்ச காலம் இருந்துவிட்டுக் கிளம்புவது. உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்குகிறோம். குடியேறுவது ஒருமுறை நடந்து முடிகிற செயல், அதைப் பல ஆண்டுகளாகச் செய்ய முடியாது. மழைக்கு ஒதுங்குவோம், பல ஆண்டுகள் ஒதுங்குவதென்றால் அது வேறு பொருள். மிஞ்சுவது ‘வாழ்ந்தார்’. நீங்கள் ஏழுகிணற்றையும் வள்ளலாரையும் பார்த்தீர்கள், கால அளவைப் பார்க்காமல் தாண்டிவிட்டீர்கள்.

இன்னொரு வாக்கியத்தைப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கலாம். “மழை விட்டு இரண்டு நாளாகியும் வியாசர்பாடி சுரங்கப்பாதையில் தண்ணீர் ____.” வடிந்தது, வற்றவில்லை, வடியவில்லை, உலரவில்லை. முதலில் ‘நாளாகியும்’ என்பதில் உள்ள ‘உம்’மைப் பாருங்கள். நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை என்று அந்த ஓர் எழுத்துக்கூட்டம் சொல்லிவிடுகிறது. எனவே ‘வடிந்தது’ போய்விட்டது. அதுவே ‘நாளானதும்’ என்று இருந்தால் கதை தலைகீழ், ‘வடிந்தது’ உள்ளே வந்துவிடும். படித்தும், கேட்டும், இருந்தும், ஆனாலும், எனினும் ஆகியவை வந்தால் வாக்கியம் திரும்பப் போகிறது என்று எதிர்பாருங்கள். ஆகவே, ஆதலால், எனவே வந்தால் அதே திசையில் போகும்.

மீதி மூன்றில்தான் உண்மையான சோதனை. வற்றுதல், வடிதல், உலர்தல் மூன்றுக்குமே ‘நீர் இல்லாமல் போதல்’ என்று நீங்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள். சிக்கலே அங்கேதான். கிணறு வற்றும், குளம் வற்றும், அடுப்பில் குழம்பு வற்றும். இருந்த நீர் சிறுகச் சிறுகக் குறைந்து இல்லாமல் போவது அது. வெள்ளம் வடியும், சோற்றுக் கஞ்சி வடியும். தேங்கியது வழி கிடைத்து ஓடிப்போவது. துணி உலரும், தரை உலரும், உதடு உலரும். ஒட்டியிருந்த ஈரம் போவது. சுரங்கப்பாதைத் தண்ணீர் தேங்கிய தண்ணீர், அதனால் ‘வடியவில்லை’. இப்போது இதைப் பாருங்கள்: “சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரி 2019 கோடையில் ____.” இங்கே ‘வடிந்தது’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ‘வற்றியது’தான். இப்படி ஒரே பொருள் உள்ள சொற்களை எதிரெதிரே வைத்து, எது எதோடு வருகிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நூறு சொற்பொருளை ஒப்பிப்பதைவிட இது பலன் தரும் என்பது வகுப்பில் நான் பார்த்த அனுபவம்.

அடுத்தது வேற்றுமை உருபு. இதை இலக்கணப் பாடம் என்று தனியாக ஒதுக்கிவிடுகிறார்கள். நிரப்பும் கேள்வியில் இதைவிட உறுதியான துப்பு கிடையாது. “குடியிருப்பை ஒட்டி ஆலை வரும் திட்டத்தை ____ எண்ணூர் மக்கள் மனு கொடுத்தனர்.” எதிராக, எதிர்த்து, மாறாக, முரணாக. நான்கும் ஒரே பொருளைச் சுற்றி வருகின்றன. ஆனால் கோடிட்ட இடத்துக்கு முன்னால் ‘திட்டத்தை’ என்று இருக்கிறது. ‘ஐ’யை வாங்கிக்கொள்வது ‘எதிர்த்து’ மட்டும். மற்ற மூன்றும் ‘திட்டத்துக்கு’ என்று ‘கு’வைக் கேட்கும். பொருளே தெரியாவிட்டாலும் இந்த விடையை எழுதிவிடலாம். விதிகளைப் பின்பற்றி, விதிகளுக்கு உட்பட்டு. ஊரைத் தாண்டி, ஊருக்கு அப்பால். அவரை நம்பி, அவர் மீது நம்பிக்கை வைத்து. ஒவ்வொரு சொல்லையும் அது கேட்கும் உருபோடு சேர்த்தே மனத்தில் வையுங்கள்.

ஒற்றும் காட்டிக்கொடுக்கும். வங்கக் கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது உங்கள் பகுதியில் குழந்தைக்கும் தெரியும். “தடைக்காலத்தில் காசிமேட்டு மீனவர்கள் கிழிந்த வலைகளைச் ____” என்று ஒரு வாக்கியம். பின்னுவார்கள், சீரமைப்பார்கள், முடைவார்கள், நெய்வார்கள். ‘வலைகளைச்’ என்பதன் கடைசியில் நிற்கும் ‘ச்’ அடுத்த சொல் சகரத்தில் தொடங்குகிறது என்று சொல்கிறது. ‘கிழிந்த’ என்பதும் ‘சீரமைப்பார்கள்’ என்ற விடையையே காட்டுகிறது. கூடை முடைவது, ஆடை நெய்வது என்ற வினை மரபு தெரிந்திருந்தால் அந்த இரண்டும் தாமாகவே விழுந்துவிடும். அதேபோல் ‘ஓர்’ வந்தால் அடுத்து உயிரெழுத்துச் சொல் வரும். ஒரு எச்சரிக்கை: வினாத்தாளில் கோடிட்ட இடத்துக்கு முன் ஒற்றை விட்டுவிட்டு அச்சடிப்பதும் உண்டு. ஒற்று இருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இல்லாததைக் காரணம் காட்டி எந்த விடையையும் தள்ளாதீர்கள்.

ழ, ள, ல குழப்பம் வடசென்னை மாணவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். நம் பக்கத்துப் பேச்சில் பழம் ‘பளம்’ ஆகிறது. பேச்சு அப்படித்தான் இருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தேர்வு அறையில் காதை நம்ப முடியாது, வாக்கியத்தைத்தான் நம்ப வேண்டும். “இன்று ஏலத்தில் ____ விலை ஏறிவிட்டது.” வாளையா, வாழையா? இந்த வாக்கியத்தை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. ‘செதில் இல்லாத’ என்று ஒரு அடைமொழி முன்னால் வந்தால் அது வாளை மீன். ‘தார்’ என்று பின்னால் வந்தால் வாழை. அப்புறம், பக்கத்துச் சொல் இழுக்கும் இழுப்புக்கும் போய்விடாதீர்கள். “கரையில் நின்ற தாய், கடலில் குளித்த மகனைக் கையசைத்து ____.” அலைத்தாள், அழைத்தாள். கடல் என்றதும் கண் அலையைத் தேடும். கையசைத்து ஒருவரைச் செய்வது அழைப்பதுதான்.

இத்தனையும் பார்க்க நேரம் எங்கே என்று கேட்பீர்கள். 3 மணி நேரத்தில் 200 கேள்விகள், அதாவது ஒரு கேள்விக்கு 54 நொடி. தமிழில் 100 கேள்விகளுக்கு 150 மதிப்பெண். அதில் 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். எனவே வேகம் முக்கியம். அதற்கு ஒரே வழி, விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரை படிப்பது. தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில்தான் வரும். பாதியில் நிறுத்தினால் பாதித் துப்பு கைவிட்டுப் போகும். படித்ததும் உங்கள் வாயில் இயல்பாக என்ன சொல் வருகிறதோ அதைச் சொல்லிக்கொள்ளுங்கள். பிறகு கையை எடுங்கள். உங்கள் சொல்லோ அதற்கு நெருங்கியதோ நான்கில் இருக்கும். இரண்டு இருந்தால், இரண்டையும் போட்டு வாக்கியத்தை முழுதாகப் படியுங்கள். எது இடறுகிறதோ அதை விடுங்கள். எதுவும் பிடிபடாவிட்டால் நிச்சயம் பொருந்தாததைத் தள்ளி மிஞ்சியதில் ஒன்றைக் குறித்துவிட்டு நகருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை.

பயிற்சிக்குத் தனியாகப் புத்தகம் வாங்க வேண்டாம். நாளிதழில் ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தம்பி தங்கை யாராவது இருந்தால் பத்துச் சொற்களைப் பேனாவால் அடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் நிரப்புங்கள். செய்தியில் ‘உயிரிழந்தார்’, இரங்கல் குறிப்பில் ‘காலமானார்’, மீனுக்கு ‘செத்தது’ என்று இடத்துக்கு இடம் சொல் மாறுவதும் அதிலேயே பழகிவிடும். விடுமுறை நாளில் அமைதியாக உட்கார இடம் வேண்டுமென்றால் கொளத்தூர் அகரத்தில் உள்ள முதல்வர் படைப்பகத்தில் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அகராதி பார்ப்பதானால், எடுத்துக்காட்டு வாக்கியம் தருகிற அகராதியாகப் பாருங்கள். 1992இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி அப்படிப்பட்டது, நூலகங்களில் கேட்டுப் பாருங்கள்.

குறிப்பேட்டில் இனி சொல்லையும் பொருளையும் மட்டும் எழுதாதீர்கள். நீங்கள் தவறவிட்ட வாக்கியத்தை முழுதாக எழுதி, விடையைக் காட்டிக்கொடுத்த துப்பின் கீழே கோடு போடுங்கள். உங்கள் முதல் பதிவு ‘பல ஆண்டுகள்’ என்பதன் கீழ் போடும் கோடாக இருக்கட்டும். தேர்வுக்கு முந்தைய வாரம் புதுச் சொல் எதையும் தொடாமல் அந்தக் கோடிட்ட வாக்கியங்களை மட்டும் திரும்பப் படித்தால் போதும்.