டிக்கிக்குள் இருந்த இறக்கை: 1994 பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயப் பருவம் குறித்துக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான் ஃபார்முலா 1 மட்டுமே பார்த்து வளர்ந்தவன். டூரிங் கார் பந்தயம் என்பது என்ன? நீங்கள் அடிக்கடி 1994ஆம் ஆண்டையே குறிப்பிடுவது ஏன்?

பதில்: கடையில் விற்கும் குடும்பக் காரின் உடற்கூட்டை வைத்துக்கொண்டு, உள்ளே ஏறத்தாழ எல்லாவற்றையும் பந்தயத்துக்காக மாற்றியமைத்து ஓட்டுவதே டூரிங் கார் பந்தயம். அன்றைய பிரிட்டிஷ் விதிகளின்படி எஞ்சின் 2 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, டர்போ கூடாது, சுழற்சி நிமிடத்துக்கு 8,500ஐத் தாண்டக் கூடாது. விதி எளிமையாகவும் எல்லாருக்கும் பொதுவாகவும் இருந்ததால் நிறுவனங்கள் வரிசையில் வந்து நின்றன. 1994இல் ஆல்ஃபா ரோமியோ, பிஎம்டபிள்யூ, ஃபோர்டு, மாஸ்டா, நிஸான், பெஜோ, ரெனோ, டொயோட்டா, வாக்ஸால், வோல்வோ எனப் பத்து நிறுவனங்களின் கார்கள் ஒரே தடத்தில் மோதின. த்ரக்ஸ்டன், பிராண்ட்ஸ் ஹேட்ச், சில்வர்ஸ்டன், ஸ்காட்லாந்தின் நாக்ஹில் முதலிய தடங்களில் மொத்தம் 21 பந்தயங்கள். அவற்றைவிட அந்த ஆண்டை நினைவில் நிறுத்துவது, ஆல்ஃபா ரோமியோ கார்களின் இறக்கையை வைத்து, விதிப்புத்தகத்தை யார் சரியாகப் படித்தார்கள் என்பதில் எழுந்த வழக்குத்தான்.

கேள்வி: அந்த இறக்கை விவகாரத்தை முதலிலிருந்து விளக்க முடியுமா? ஆல்ஃபா ஏமாற்றியது என்கிறார் ஒரு நண்பர், இல்லை என்கிறார் இன்னொருவர்.

பதில்: இருவருக்கும் ஓரளவு இடம் உண்டு என்பதால் சற்று நீளமாகவே சொல்கிறேன்.

பந்தயக் காரின் வெளிவடிவம் கடையில் விற்கும் காரின் வடிவமாகவே இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு நிறுவனம் தன் காரில் புதிய பாகம் எதையாவது சேர்க்க விரும்பினால், அந்தப் பாகத்துடன் 2,500 கார்களைத் தயாரித்துக் காட்டி, ஹோமோலோகேஷன் எனப்படும் ஒப்புதலைப் பெற வேண்டும். காரின் முன்னடியில் ஒரு தட்டையும் பின்புறம் ஸ்பாய்லர் எனப்படும் ஓர் இறக்கையையும் வைத்தால், விரைந்து வரும் காற்று காரைத் தரையோடு அழுத்தும். டயர்கள் நன்றாகப் பிடிக்கும். வேகமான வளைவுகளில் ஓட்டுநர் தைரியமாக உள்ளே நுழையலாம். இது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் அதற்காக 2,500 கார்களை விற்கும் சிரமத்தை மேற்கொள்ள மற்றவர்கள் முன்வரவில்லை.

ஆல்ஃபா முன்வந்தது. 155 மாதிரியில் ‘சில்வர்ஸ்டன்’ என்ற பெயரில், முன்தட்டும் பின் ஸ்பாய்லரும் கொண்ட ஒரு சிறப்புப் பதிப்பை வெளியிட்டது. இதுவரை யாரும் குறைசொல்ல இடமில்லை. வழக்கு பிறந்தது அடுத்த படியில். பின் ஸ்பாய்லரை உயர்த்தி வைப்பதற்கான இணைப்புத் துண்டுகள் காரில் பொருத்தப்படவில்லை. அவை வாங்குபவரிடம் டிக்கிக்குள் வைத்துத் தரப்பட்டன. வேண்டுமானால் வீட்டில் அவரே திருகிக்கொள்ளலாம். முன்தட்டையும் இரண்டு நிலைகளில் வைக்கலாம். பந்தயத்தில் ஓடிய 155 கார்களில் அந்தத் துண்டுகள் பொருத்தப்பட்டு, ஸ்பாய்லர் காற்றின் முழு ஓட்டத்தில் எழும்பி நின்றது, முன்தட்டு வெளியே நீண்டிருந்தது. டிக்கியில் கிடக்கும் பாகம் காரின் பாகமா, அல்லவா? மொத்த வழக்கும் இந்த ஒரு கேள்விதான்.

கேள்வி: பிறகு என்ன நடந்தது? தீர்ப்பு யாருக்குச் சாதகமாக வந்தது?

பதில்: முதல் ஐந்து பந்தயங்களையும் ஆல்ஃபாவின் கேப்ரியேலே டார்க்குவீனி வென்றார். பொறுமையிழந்த ஃபோர்டும் வாக்ஸாலும் புகார் கொடுத்தன. ஸ்நெட்டர்ட்டனிலும் சில்வர்ஸ்டனிலும் பெற்ற புள்ளிகள் ஆல்ஃபாவிடமிருந்து பறிக்கப்பட்டன. மே மாத இறுதியில் ஓல்ட்டன் பார்க்கில், ஸ்பாய்லரைத் தாழ்த்தித்தான் ஓட வேண்டும் என்று சொன்னதும், இத்தாலியர்கள் பந்தயத்துக்கு முன்பே மூட்டை முடிச்சுகளைக் கட்டிக்கொண்டு தடத்தை விட்டு வெளியேறினார்கள். முன்னணியில் இருக்கும் அணியே இல்லாமல் ஒரு பந்தயம் நடந்தது. போட்டியை நடத்திய நிறுவனத்துக்கு அதைவிடப் பெரிய தலைவலி இருந்திருக்க முடியாது.

மேல்முறையீட்டில் பறிபோன புள்ளிகள் திரும்பக் கிடைத்தன. ஆனால் ஜூலை முதல் தேதியிலிருந்து உயர்த்திய நிலையில் ஓடக் கூடாது என்று முடிவாயிற்று. நடந்ததற்குத் தண்டனை இல்லை, இனிமேல் செய்யாதே என்னும் பஞ்சாயத்துத் தீர்ப்பு. விதியின் எழுத்தைப் பார்த்தால் ஆல்ஃபா செய்தது தவறல்ல என்பதே என் கருத்து. அதன் நோக்கத்தைப் பார்த்தால், டிக்கியில் துண்டுகளைப் போட்டுக் கொடுப்பது விதியோடு கண்ணாமூச்சி ஆடுவதுதான். ஆனாலும், அதே புத்தகம் கையில் இருந்தும் அந்த வரியைப் படிக்கத் தவறியவர்கள் எழுப்பிய கூச்சலில் எனக்கு அவ்வளவாக அனுதாபம் எழவில்லை.

கேள்வி: அப்படியானால் இறக்கை இல்லாவிட்டால் டார்க்குவீனி சாம்பியன் ஆகியிருக்க மாட்டார்தானே?

பதில்: அவர் அந்த ஆண்டு வென்றவை எட்டு. முதல் ஐந்தில் ஐந்து, மீதிப் பதினாறில் மூன்று. இந்தக் கணக்கு உங்கள் பக்கமே பேசுகிறது. ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. வெற்றிக்கு 24 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 18, மூன்றாமிடத்துக்கு 12 என்பது அன்றைய முறை. பருவத்தின் முடிவில் டார்க்குவீனி 298 புள்ளி; இரண்டாமிடத்தில் ரெனோ லகுனாவை ஓட்டிய ஸ்விட்சர்லாந்தின் ஆலன் மெனு 222. மூன்று வெற்றிகளுக்கும் மேலான இடைவெளி அது. நாக்ஹில்லில் காரைப் பல முறை உருட்டிவிட்ட வாரத்தையும், ஓல்ட்டன் பார்க்கில் ஓடாமலே போனதையும் சேர்த்துப் பார்த்தால், இறக்கை அவருக்குத் தொடக்கத்தைத் தந்தது, மீதியை அவரே ஓட்டி எடுத்தார் என்று சொல்வதே நியாயம்.

கேள்வி: யார் இந்த டார்க்குவீனி? ஃபார்முலா 1இல் இந்தப் பெயரைக் கேட்ட நினைவு இருக்கிறது.

பதில்: கேட்டிருப்பீர்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். அக்காலத்தில் சிறிய அணிகளை வெள்ளிக்கிழமை காலையிலேயே வடிகட்டும் முன்தகுதிச் சுற்று ஒன்று இருந்தது. அதில் 25 முறை தோற்று வெளியேறியவர் அவர். கொலோனி, ஏஜிஎஸ், ஃபோண்ட்மெட்டல் போன்ற வசதியில்லாத அணிகளின் கார்களில் ஓட்டியவருக்கு வேறென்ன வாய்க்கும்? நல்ல கார் கிடைத்தபோது அவர் யார் என்பது 1994இல் தெரிந்தது. பின்னர் 2009இல் 47 வயதில் உலக டூரிங் கார் சாம்பியன், 2018இல் 56 வயதில் உலக டூரிங் கார் கோப்பை வெற்றியாளர்.

கேள்வி: வோல்வோ ஸ்டேஷன் வேகனைப் பந்தயத்தில் ஓட்டியது உண்மையா? படத்தைப் பார்த்து ஒட்டுவேலை என்றே நினைத்தேன்.

பதில்: உண்மைதான். மளிகைச் சாமானும் குழந்தைகளும் ஏற்றிச் செல்லும் 850 எஸ்டேட். டாம் வாக்கின்ஷாவின் டிடபிள்யூஆர் நிறுவனம் தயாரித்தது. ஓட்டியவர்கள் ஸ்வீடனின் ரிக்கார்ட் ரைடெல், நெதர்லாந்தின் யான் லாமர்ஸ். இந்த லாமர்ஸ் 1988இல் அதே டிடபிள்யூஆரின் ஜாகுவாரில் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றவர். அப்பேர்ப்பட்டவரைப் பால்வண்டி போன்ற ஒன்றில் உட்கார வைத்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

போட்டியாளர்கள் கேலி செய்தார்கள். வோல்வோக்காரர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. ஓர் அணிவகுப்புச் சுற்றில் காரின் பின்பகுதியில் ‘கோலி’ இன நாயின் பெரிய பொம்மை ஒன்றை உட்கார வைத்து ஓட்டிக் காட்டினார்கள். கண்ணாடி வழியே அது வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. பந்தயத்தில் கிடைத்த மிகச் சிறந்த இடம் ஐந்துதான். ஆனால் வோல்வோவின் பெயர் அந்த ஆண்டில் போல வேறெப்போதும் பேசப்படவில்லை, அதற்காகத்தானே வந்தார்கள்! 1995இல் எல்லாருக்கும் இறக்கை அனுமதிக்கப்பட்டதும், நீண்ட கூரையுள்ள எஸ்டேட்டை விட்டு செடான் உடலுக்கு மாறிவிட்டார்கள். ரைடெல் 1998இல் எஸ்40 காரில் சாம்பியன் ஆனார்.

கேள்வி: சொந்த மண்ணில் பிரிட்டிஷ்காரர்கள் என்ன செய்தார்கள்?

பதில்: முதல் மூன்று இடங்களில் ஒருவரும் இல்லை. மூன்றாமிடம் ஃபோர்டு மாண்டியோவை ஓட்டிய நியூசிலாந்தின் பால் ராடிசிச்சுக்கு. நான்காமிடத்தில்தான் வாக்ஸால் காவலியரில் ஸ்காட்லாந்தின் ஜான் கிளீலண்ட். அவர் அடுத்த ஆண்டே பட்டத்தைப் பிடித்தார்.

கேள்வி: ஆல்ஃபா அடுத்த ஆண்டும் அதே ஆதிக்கத்தைத் தொடர்ந்ததா?

பதில்: இல்லை. 1995இல் முன்னாள் ஃபார்முலா 1 ஓட்டுநர் டெரிக் வார்விக்கை அமர்த்தியும் அணி தடுமாறியது. பாதிப் பருவத்தில் டார்க்குவீனியை மீண்டும் அழைத்தும் பயனில்லை. முந்தைய ஆண்டு அவர்களுக்கு மட்டும் இருந்த இறக்கை, இப்போது விதியின் அளவுக்குள் எல்லாக் கார்களிலும் இருந்தது. ஆனால் அந்த வழக்கிற்குப் பிறகு எல்லா அணிகளும் காற்றுச் சுரங்கச் சோதனைகளுக்குப் பணத்தை வாரி இறைத்தன. செலவு ஏறிக்கொண்டே போய், நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகி, 2000ஆம் ஆண்டோடு பிரிட்டனில் அந்த விதிமுறையே கைவிடப்பட்டது. அந்தக் கடைசி ஆண்டின் சாம்பியன், 1994இல் இரண்டாமிடம் பெற்ற அதே ஆலன் மெனு. கார் மட்டும் ஃபோர்டு மாண்டியோ.