வெங்காயமும் இரண்டு மணித் தொடரும்

கேள்வி: பல வருடமாக மதியம் இரண்டு மணிக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே ஒரு தொடர் பார்த்து வருகிறேன். இப்போது கதையை இழுக்கிறார்கள். கதாநாயகியை மாற்றி 'இவருக்குப் பதில் இவர்' என்று போட்டார்கள், வந்தவருக்கு அழவே வரவில்லை. போதாக்குறைக்கு டைட்டில் பாட்டையும் வெட்டிவிட்டார்கள். எனக்குப் பாட்டு போனதில்தான் அதிகக் கோபம். "இதுக்கெல்லாமா கோபப்படுவ?" என்று மகள் சிரிக்கிறாள். என் கோபம் நியாயம்தானே?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நியாயம்தான். ஆனால் முதலில் வெங்காயத்துக்கு வருகிறேன்.

தொடர் பார்ப்பவர்களை மட்டம் தட்டி இந்தப் பக்கத்துக்கு மாதம் ஒரு கடிதமாவது வரும். ஒரு அன்பர் மூன்று வருடமாக விடாமல் எழுதுகிறார். "அது வெங்காயம் சார், உரிக்க உரிக்க உள்ளே ஒன்றும் இருக்காது" என்பது அவர் கட்சி. பெரியார் அந்தச் சொல்லை வீசிய இடங்கள் வேறு. அதைக் கடன் வாங்கி, வீட்டு வேலைக்கு நடுவே பெண்கள் பார்க்கிற ஒன்றை அடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த அன்பர் ஒரு நாளும் அரைக் கிலோ சின்ன வெங்காயம் உரித்ததில்லை என்று சத்தியம் செய்வேன். உரித்த கைக்குத் தெரியும், அந்த இதழ்கள்தான் வெங்காயம். உள்ளே கொட்டை வேண்டுமென்றால் மாம்பழம் வாங்கிக்கொள்ளலாம். நான் உரித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தண்ணீரில் ஊறப்போட்டு, காம்பைக் கிள்ளி, தோலை நகத்தால் நெம்பி எடுத்தால், அரைக் கிலோ முடிய விளம்பரங்களோடு சேர்த்து ஒரு தொடர் ஓடிவிடுகிறது. அந்த அரை மணி நேரமும் கண் வெங்காயத்தில்தான் இருக்கும். நகக்கண்ணில் எரிச்சல் ஏறிய பிறகு யார் நிமிர்ந்து டிவியைப் பார்ப்பது?

அதனால்தான் அம்மா, நீங்கள் 'பார்த்து வருகிறேன்' என்று எழுதியதை நான் 'கேட்டு வருகிறேன்' என்று படித்தேன். மதியத் தொடர் காதுக்கான கலை. பிறந்ததே அப்படித்தான். அமெரிக்காவில் இது 1930-களில் வானொலியில் தொடங்கியது. பகலில் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கான கதைகளுக்கு சோப்பு கம்பெனிகள் பணம் போட்டன, அதனால் 'சோப் ஓபரா' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. இர்னா பிலிப்ஸ் என்ற பெண்மணி உருவாக்கிய 'கைடிங் லைட்' 1937-இல் வானொலியில் ஆரம்பித்து, 1952-இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009 வரை ஓடியது. எழுபத்திரண்டு வருடம்! நம் ஊரில் மதியத்தில் 2,300 எபிசோடுகளைத் தாண்டிய 'சந்திரலேகா'வையே இழுவை என்றவர்கள் அதற்கு என்ன சொல்வார்களோ.

இழுவை என்ற புகாருக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது. ஒரே செய்தியை மாமியாரிடம் ஒரு முறை, நாத்தனாரிடம் ஒரு முறை, பக்கத்து வீட்டில் ஒரு முறை சொல்கிறார்களே, அது குக்கர் விசிலில் ஒரு முறை தவறவிட்டவர்களுக்காக. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் யாராவது ஒருவர் அதிர்ச்சியானால் அறையில் இருக்கிற ஏழு பேர் முகத்தையும் தடால் தடால் என்று மூன்று முறை காட்டுவது யாருக்காக? காதால் கேட்பவருக்கு அங்கே கதையே இல்லை, வெறும் இரைச்சல். அது சோம்பேறித்தனம், மன்னிக்கக் கூடாது.

எங்கள் பெரியம்மாவுக்குக் கண்ணில் புரை. அறுவை சிகிச்சைக்கு முந்தைய வருடம் அவர் பார்த்த தொடரில் நாயகியை மாற்றினார்கள். ஊரே கொதித்தது. அவருக்கு மாற்றியதே தெரியவில்லை! நாங்கள் சொன்னபோது, "அதே பொண்ணுதானேடா பேசுது" என்றார். அவர் சொன்னது சரி. நம் தொடர்களில் நாயகிகள் பலர் கன்னடத்திலிருந்தும் மலையாளத்திலிருந்தும் வருகிறார்கள். உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வசனத்தை எடுத்துக்கொடுக்க, அவர்கள் வாயசைக்கிறார்கள். குரல் கொடுப்பவர் வேறொருவர். முகம் போனாலும் பல சமயம் குரல் அதேதான். உங்கள் புது நாயகிக்கு அழ வரவில்லை என்கிறீர்களே, நாளைக்கு நிமிராமல் கேட்டுப் பாருங்கள். அழுகை குரலில் இருந்தால் முகத்துக்கு ஒரு மாதம் தவணை கொடுங்கள், பாவம்.

குரலும் சேர்ந்து போனால்தான் மனசு ஒப்பாது. 'எதிர்நீச்சல்' ஆதி குணசேகரனாக நின்ற மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8 அன்று, அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த இடத்தில்தான் மாரடைப்புக்கு ஆளாகி இறந்தார். அவர் இடத்துக்கு வந்த வேல ராமமூர்த்தி நல்ல எழுத்தாளர், நல்ல நடிகர். இருந்தும் பலரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "இந்தாம்மா ஏய்" என்ற மாரிமுத்துவின் அந்த அதட்டல் சமையலறை வரை வந்து பழகியிருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இப்போது உங்கள் டைட்டில் பாட்டு. அது டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்காகப் போடுவதில்லை. அடுப்படியில், கொல்லையில், துணி காயப்போடும் மாடியில் இருப்பவரைக் கூப்பிடுகிற மணி அது. பாட்டு ஆரம்பித்தால் அடுப்பைக் குறைத்து, கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, முறத்தோடு வந்து உட்கார அந்த ஒரு நிமிடம் சரியாகப் போதும். 'சித்தி' ஓடிய 2000-ஆம் ஆண்டு வாக்கில் ராத்திரி தெருவில் நடந்தால், தீனா இசையில் நித்யஸ்ரீ பாடிய அந்தப் பாட்டு வீட்டுக்கு வீடு கைமாறி நம்மோடு கூடவே வரும். 'மெட்டி ஒலி' டைட்டிலில் ஆடிய நடன இயக்குநர் சாந்திக்கு 'மெட்டி ஒலி' சாந்தி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதை வெட்டினால் மிச்சமாகும் நேரத்தில் என்ன வருகிறது? இன்னொரு விளம்பரம்.

'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' என்ற அமெரிக்கப் பகல் தொடர் 1965-இல் தொடங்கியது. மணற்கடிகாரம் ஒன்றைக் காட்டி, மணல் சரிவது போலத்தான் நம் வாழ்நாளும் என்று ஒரு குரல் சொல்லும். பேசியவர் மெக்டொனால்ட் கேரி, அதில் நடித்தவர். 1994-இல் இறந்துவிட்டார். கடிகாரத்தின் படத்தைப் புதுப்பித்தார்கள், 2022-இல் தொடரே தொலைக்காட்சியை விட்டு இணையத்துக்குப் போனது, ஆனால் அவர் குரலை எடுக்கவில்லை. கேட்டுப் பழகியவர்கள் மீது அவ்வளவு மரியாதை.

நம் சேனல்காரர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்று தெரியும். தினமும் முழுப் பாட்டும் போட முடியாதென்றால் வேண்டாம், திங்கட்கிழமை முழுசாகப் போடுங்கள். மற்ற நாட்களில் பல்லவியாவது ஒலிக்கட்டும். அப்புறம், நான் இங்கே பலமுறை கேட்டதையே திரும்பவும் கேட்கிறேன். நாயகி பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், அவருக்குக் குரல் கொடுப்பவர் பெயரையும் போடுங்கள். கண் சரியாகிவிட்ட எங்கள் பெரியம்மா, அந்தக் குரல் யாருடையது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.