ஓடிப்போன மாப்பிள்ளை

கேள்வி: போலந்து மன்னராட்சி அழிந்ததற்கு வாரிசு இல்லாததுதானே காரணம்? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: வாரிசு! அதை இழுக்காமல் நம்மால் எந்த நாட்டுச் சரித்திரமும் பேச முடியாதே. சரி, 1572இல் போலந்து ராஜா சிகிஸ்மண்ட் அகஸ்டஸ் பிள்ளையில்லாமல் செத்தார், உண்மைதான். உடனே நாடு மூழ்கிவிடவில்லை. பிரபுக்கள் கூடி, பிரான்ஸ் இளவரசர் ஹென்றியைத் தேர்ந்தெடுத்து அழைத்துவந்தார்கள். செத்த ராஜாவின் தங்கை அன்னாவை அவர் கட்டிக்கொள்வார் என்று எதிர்பார்ப்பு. பெண்ணுக்கு 50, மாப்பிள்ளைக்கு 22. 1574 பிப்ரவரியில் முடிசூட்டு. ஜூனில், பிரான்சை ஆண்ட அண்ணன் இறந்த சேதி வந்ததும் மாப்பிள்ளை ராத்திரியோடு ராத்திரியாகக் கிராக்கோவிலிருந்து கம்பி நீட்டிவிட்டார். ராஜா தன் நாட்டை விட்டே ஓடுகிறார், பிரபுக்கள் குதிரையேறி விரட்டுகிறார்கள், எட்டிப் பிடித்துக் கெஞ்சியும் ஆள் திரும்பவில்லை! அடுத்த மே மாதம் வரை கெடு வைத்துக் காத்திருந்தார்கள், பொறுமைசாலிகள். அன்னாவுக்காக உச்சுக்கொட்ட வேண்டாம். அந்தம்மாவையே அரசராகத் தேர்ந்தெடுத்து, பத்து வயது இளைய திரான்சில்வேனியாக்காரர் ஸ்டீபன் பாத்தோரிக்குக் கட்டிவைத்தார்கள். பாத்தோரி யாருக்கு வாரிசு? ரஷ்யாவை ஆண்ட மாஸ்கோ ஜார் இவானையே மண்டியிட வைத்த மனுஷன். 1683இல் வியன்னாவைத் துருக்கியரிடமிருந்து காப்பாற்றிய சோபியெஸ்கி ராஜாவும் தேர்தலில் வந்தவர்தான்.

நாட்டைக் கெடுத்தது 'ஒருமனதாக' என்கிற வியாதி. இந்தப் பக்கத்தில் நான் வருஷக்கணக்காகத் திட்டிவரும் அதே வியாதிதான். போலந்து சபையில் ஒரே ஒரு உறுப்பினர் 'ஒப்பமாட்டேன்' என்றால் போதும், கூட்டத்தொடரே காலி, அதுவரை போட்ட சட்டங்களும் காலி. 1652இல் முதல் ஆள் ஆரம்பித்துவைத்தார். அப்புறம் அந்த ஒரு ஆளை விலைக்கு வாங்கினால் போதும் என்று ரஷ்யாவுக்கும் பிரஷ்யாவுக்கும் புரிந்துவிட்டது. மூன்றாம் அகஸ்டஸ் 30 வருஷம் ஆண்டார், ஒரே ஒரு கூட்டத்தொடர்தான் உருப்படியாக முடிந்தது. எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் தண்ணீர்த் தொட்டி கழுவும் தீர்மானம் இதே அழகில்தான் கிடக்கிறது. எதிர்ப்பவர் மூன்றாவது மாடி, பெயர் வேண்டாம், இதழை வரவழைத்துப் படிக்கிறார்.

இன்னொன்று. 1791 அரசியல் சட்டத்தில் அந்த ஒற்றை ஆள் தடையை ஒழித்து, அரியணையைப் பரம்பரை உரிமையாகவும் ஆக்கினார்கள், உங்கள் ஆசைப்படியே. பொறுக்குமா ரஷ்ய ராணி கேத்தரினுக்கு? அடுத்த வருஷமே படை வந்தது. 1772இல் ஏற்கெனவே அண்டை நாட்டுக்காரர்கள் போலந்தில் ஒரு துண்டு வெட்டியிருந்தார்கள். 1793இல் இன்னொரு துண்டு, 1795இல் மிச்சமும் போனது. கடைசி ராஜா பொனியாதொவ்ஸ்கி அந்த கேத்தரினின் பழைய காதலர், அவள் தயவில் 1764இல் பட்டமேறியவர். பதவி விலகி, 1798இல் பீட்டர்ஸ்பர்க்கில் போய்ச் செத்தார்.