ஓ.எம்.ஆர். வாடகை: கேட்டவர்களுக்கு ஒரு வீட்டுத் தரகரின் பதில்கள்

சென்னையில் ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில், பெருங்குடி பக்கம் 20 வருஷத்துக்கு மேல் வீடு பிடித்துக் கொடுக்கிறேன். ஐ.டி. கம்பெனிகள் வந்தபின் யாருக்கு ஏற்றம், யாருக்கு இறக்கம் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, டைடல் பார்க் வந்து ஊர்க்காரர்களை விரட்டிவிட்டது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகத்தைத் திறந்தார்கள். பட்டா வைத்திருந்த ஊர்க்காரர் நாலு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டார். இன்று வசதியாக இருக்கிறார். அந்த போர்ஷனில் இருந்த பிளம்பரும், புறம்போக்கில் குடிசை போட்டவரும்தான் கிளம்பினார்கள். லண்டனில் தொழிலாளர் தெருக்களுக்குள் வசதியானவர்கள் குடிவந்து பழைய ஆட்கள் வெளியேறியதை ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் 1964-லேயே எழுதிவிட்டார். நம்மூரில் ஒரே தெருவில் ஒருவர் ஓனர் ஆனார், எதிர்வீட்டுக்காரர் ஊரைவிட்டே போனார்.

ஒரு சாதாரண போர்ஷனுக்கு இவ்வளவு வாடகை எப்படி வந்தது?

ஒரு தையல்காரர் குடும்பத்துக்கு இரண்டு ரூம் வீடு காட்டினேன். எல்லாம் பேசி முடித்தாயிற்று. மறுநாள் ஓனர் கூப்பிட்டு, "நாலு பசங்க கேக்கறாங்கப்பா, ஆளுக்கு 5,000" என்றார். கணக்கு அவ்வளவுதான். குடும்பத்தில் சம்பாதிப்பது ஒருவர். இங்கே நாலு சம்பளம் சேர்ந்து 20,000 ஆகிறது. அந்தப் பையன்களும் பணக்காரர்கள் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். இதற்கு மேல் கரண்டுக்கு ஓனரே தனியாகச் சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு அவர் சொல்கிற ரேட். அரசு தரும் 100 யூனிட் இலவச மின்சாரம் வாடகைக்காரர் பில்லில் பெரும்பாலும் கண்ணில் படுவதேயில்லை.

சார், ஓனர் திடீரென்று அடுத்த மாதத்திலிருந்து 3,000 கூட்டச் சொல்கிறார். என்ன செய்வது?

ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் உள்ளபடிதான் உயர்த்தலாம். மூன்று மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை அட்வான்ஸும் மூன்று மாத வாடகைதான். 10 மாத அட்வான்ஸ் கேட்டால் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேட்கிறார்கள். வாய்ப்பேச்சை நம்பிக் குடிபோனவர்களுக்குத்தான் கஷ்டம். எழுதி, வாடகை ஆணையத்தில் பதிவு செய்யுங்கள்.

ஐயா, ஏழைகளுக்கு அரசு வீடு கொடுத்தும் சிலர் ஏன் பழைய இடத்துக்கே திரும்புகிறார்கள்?

2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு ஆற்றோரத்தில் இருந்த பல குடும்பங்களைத் தொலைவில் உள்ள பெரும்பாக்கம் அரசுக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். அதற்கு முன்பே, இதே மாதிரி அனுப்பப்பட்டவர்களுக்காகக் கட்டிய கண்ணகி நகர் இருந்தது. அங்கே ஆரம்பத்தில் கட்டிய வீடுகள் 200 சதுர அடி கூட இல்லை. சின்ன வீட்டைச் சகித்துக்கொள்வார்கள். காலையில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு, பிள்ளை பள்ளியிலிருந்து வருவதற்குள் திரும்பியவள் இப்போது பஸ்ஸிலேயே பாதி நாளைத் தொலைக்கிறாள். 2021-ல் பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் இலவசப் பயணம் வந்ததால் காசு மிச்சம், நேரம் மிச்சமில்லையே. அப்புறம், விலாசம் கண்ணகி நகர் என்றதும் வேலை தரத் தயங்குகிறவர்களும் உண்டு. பக்கத்திலேயே கண்ணாடிக் கட்டடங்கள், அதில் ஹவுஸ்கீப்பிங் செய்பவர்கள் இந்த ஆட்கள்.

மெட்ரோ வந்தால் இன்னும் ஏறுமா?

ஏறும். ஓ.எம்.ஆர். வழியாகப் போகும் மாதவரம்–சிப்காட் மெட்ரோ வழித்தட வேலைக்குத் தடுப்பு வைத்த அன்றே ஓனர்கள் பேச்சு மாறிவிட்டது.

நான் ஐ.டி.யில் வேலை செய்கிறேன், கேட்டட் ஃபிளாட்டில் குடியிருக்கிறேன். இதில் என் தப்பும் இருக்கிறதா?

உங்கள் தப்பு என்று சொல்லமாட்டேன் தம்பி. வேலை இருக்கிற இடத்துக்கு எல்லோரும்தான் வருகிறார்கள். ஆனால் அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில், வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு கழிப்பறை இருக்கிறதா என்று கேளுங்கள். நான் வீடு காட்டப் போன பல இடங்களில் நாய் உலாவத் தனி இடம் இருந்தது, இது இல்லை.