மருந்துப் பெட்டி: மஞ்சள் மாத்திரை, இன்சுலின் செடி, அப்புறம் ஒரு விஷப்பூ

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சர்க்கரையைப் பற்றியவை. அதிலும் இலை, வேர், பட்டை பற்றியவை. அதனால் மூட்டுவலிக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். புதிய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: நான் டாக்டர் அல்ல. மருந்து கொடுக்கும் முகப்பில் உட்கார்ந்தே தலை நரைத்து ஓய்வுபெற்ற மருந்தாளர். உங்கள் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லும் உரிமை எனக்கு இல்லை. கேள்வி கேட்கும் உரிமை உண்டு, அதை விடமாட்டேன்.

கேள்வி: அக்கா, எனக்கு வயது 58. எட்டு வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். மதுரையில் இருக்கும் என் தங்கை மஞ்சள் சத்து மாத்திரை அனுப்பியிருக்கிறாள், மிளகுச் சத்தும் சேர்ந்தது. "சர்க்கரைக்கு மூலகாரணமே உடம்புக்குள் இருக்கும் அழற்சிதான். மஞ்சள் அதை அடக்கிவிடும். இங்கிலீஷ் மருந்தை மெல்ல விட்டுவிடலாம்" என்கிறாள். உண்மையா?
(ஈசூன் வாசகி)

உங்கள் தங்கை சும்மா சொல்லவில்லை, எங்கோ படித்திருக்கிறாள். இரண்டாம் வகை நீரிழிவில், குறிப்பாக வயிற்றைச் சுற்றிச் சதை போட்டவர்களுக்கு, கொழுப்புத் திசுவில் நோய் எதிர்ப்பு அணுக்கள் வந்து குடியேறிவிடுகின்றன. காய்ச்சல் இருக்காது, வீக்கம் தெரியாது, வலியும் இருக்காது. ஆனால் அங்கே சுரக்கும் டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற பொருள்கள், இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்கவிடாமல் செய்கின்றன. பருத்த எலிகளை வைத்து 1993இலேயே அமெரிக்காவில் இதைக் காட்டிவிட்டார்கள். இதைத்தான் இப்போது எல்லாரும் "உள்ளழற்சி" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

"மூலகாரணம்" என்பதில்தான் எனக்குச் சந்தேகம். அழற்சியைத் தூண்டும் ஒரே ஒரு பொருளைக் குறிவைத்து அடக்கும் கானாகினுமாப் என்ற ஊசிமருந்தை, மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேரிடம் சோதித்தார்கள். முடிவு 2017இல் வந்தது. ரத்தத்தில் அழற்சியின் அடையாளம் நன்றாகக் குறைந்தது, மீண்டும் மாரடைப்பு வருவதும் குறைந்தது. ஆனால் புதிதாகச் சர்க்கரை வருவது குறையவில்லை. அவ்வளவு கூர்மையான மருந்தாலேயே முடியவில்லை என்றால், அழற்சியை அடக்கினால் சர்க்கரை ஓடிவிடும் என்ற கணக்கில் எங்கோ ஓட்டை இருக்கிறது. கல்லீரல், தசை, கணையம், பரம்பரை, நாம் சாப்பிடும் சோறு எல்லாமே அந்தக் கணக்கில் உண்டு.

இனி மஞ்சள். மஞ்சளுக்குச் சாதகமான ஆய்வுகளில் எல்லாரும் மேற்கோள் காட்டுவது தாய்லாந்தில் நடந்து 2012இல் வெளியானது. நீரிழிவின் வாசலில் நின்ற 240 பேர். பாதிப் பேருக்கு மஞ்சளின் சத்தான குர்க்குமின், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தால், வெற்று மாத்திரைக்காரர்களில் 16 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்திருந்தது, குர்க்குமின்காரர்களில் ஒருவருக்கும் இல்லை. கேட்க அமர்க்களமாக இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் அதிகப்படியான அமர்க்களமாகவே படுகிறது. ஒரே இடத்தில் நடந்த ஆய்வு அது. இன்னொன்று, அவர்கள் இன்னும் நீரிழிவு வராதவர்கள். நீங்களோ எட்டு வருடக்காரர்.

அவர்களுக்கு ஒரு நாளைக்குக் கொடுத்தது ஒன்றரை கிராம் குர்க்குமின். சமையல் மஞ்சள்தூளில் குர்க்குமின் சுமார் 3 விழுக்காடுதான். அப்படியானால் ஒன்றரை கிராம் கிடைக்க 50 கிராம் மஞ்சள்தூள் வேண்டும், தினமும்! அந்த ரசத்தை யார் குடிப்பது? ஆகவே "நம் பாட்டி தினமும் சாப்பிட்டதுதானே" என்ற பேச்சு இங்கே செல்லாது. பாட்டி சாப்பிட்டது மஞ்சள். உங்கள் தங்கை அனுப்பியிருப்பது வேறு அளவில் உள்ள வேறு சரக்கு.

மிளகைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. குர்க்குமின் குடலிலிருந்து ரத்தத்துக்கு எளிதில் ஏறாது. மிளகிலுள்ள பைப்பரின் அதை ஏற்றிவிடும். 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் சுமார் 20 மடங்கு ஏறுவதாக அளந்தார்கள். நல்லதுதானே என்பீர்கள். ஆனால் மிளகுச் சத்து சேர்ந்த மஞ்சள் மாத்திரை சாப்பிட்டுக் கல்லீரல் வீங்கி மருத்துவமனைக்குப் போனவர்களைப் பற்றி இத்தாலியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அறிக்கைகள் வந்திருக்கின்றன. எல்லாருக்கும் வருவதில்லை, சிலருடைய மரபணு அதற்கு இடம்கொடுக்கிறது. அந்தச் சிலரில் நீங்கள் ஒருவரா என்று மாத்திரைப் புட்டிக்குத் தெரியாது. பைப்பரின் வேறு மருந்துகளையும் உடம்பில் அதிகநேரம் தங்கவைக்கக்கூடும்.

மெட்ஃபார்மினை நிறுத்தாதீர்கள். புட்டியை அப்படியே பையில் போட்டு அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) கொண்டுபோய்க் காட்டுங்கள். பித்தப்பைக் கல் இருந்தாலோ, வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து சாப்பிட்டாலோ அதுவரை தொடவே வேண்டாம். சிறுநீர் கறுத்தால், கண் மஞ்சளடித்தால், அன்றைக்கே போங்கள். குழம்புக்கு மஞ்சள் வழக்கம்போல் போடுங்கள், அதற்கு யாரையும் கேட்க வேண்டாம். தங்கையிடம் சண்டை போடவும் வேண்டாம். அன்பில்தான் அனுப்பியிருக்கிறாள்.

கேள்வி: எங்கள் புளோக்குக் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் இன்சுலின் செடியும் ஆப்பிரிக்க இலையும் வளர்க்கிறோம். காலையில் ஆளுக்கு இரண்டு இலை மெல்கிறோம். பலன் உண்டா?
(புக்கிட் பாத்தோக் வாசகர்)

இன்சுலின் செடி இலையை மென்றால் இன்சுலின் உள்ளே போய்விடும் என்று நம்பினால், இல்லை. இன்சுலின் ஒரு புரதம். வாய்வழியாக வந்தால் வயிறு அதைச் செரித்துவிடும். அதனால்தான் அதை ஊசியாகப் போடுகிறோம். இந்த இரண்டு இலைகளுக்கும் எலிகளில் நடந்த ஆய்வுகள் ஏராளம், அழற்சியைக் குறைத்தது, சர்க்கரையைக் குறைத்தது என்று. மனிதர்களிடம் நம்பும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. எலிக்கு வேலை செய்த எல்லாமே நமக்கு வேலை செய்திருந்தால் சர்க்கரை நோய் எப்போதோ ஒழிந்திருக்கும்.

இரண்டு இலை மெல்வதால் பெரிய கெடுதல் வந்துவிடாது. தோட்டத்துக்கு இறங்கிப்போய்க் குனிந்து நிமிர்கிறீர்களே, அதுவே நல்லது. நான் பயப்படுவது வேறொன்றுக்கு. அதே தோட்டத்தில் நட்சத்திரப் பழ மரம் இருந்தால், "சர்க்கரைக்கு நல்லது" என்று யாராவது சாறு பிழிந்து கொடுப்பார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது நஞ்சு. விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போய், உயிரே போகலாம். சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் மூன்றில் இருவருக்கு நீரிழிவுதான் காரணம். ஆக, உங்கள் தோட்டக் குழுவில் சிறுநீரகம் பலவீனமானவர் ஒருவராவது இருக்க வாய்ப்பு உண்டு. அவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். நீங்கள் எப்போதும் மாத்திரைக் கட்சி. செடியிலிருந்து உருப்படியான மருந்து வரவே வராதா?
(தெம்பனிஸ் வாசகர்)

ஐயா, அபாண்டம்! நான் செடிக் கட்சிதான். கேளுங்கள்.

ஈசூன் அம்மா விடப் பார்க்கும் மெட்ஃபார்மினே ஒரு செடியின் வழியில் வந்தது. ஐரோப்பாவில் கலேகா என்று ஒரு ஊதாப்பூச் செடி. அடிக்கடி சிறுநீர் போகும் நோய்க்கு அதைக் கொடுத்ததாக அங்கே பழைய குறிப்புகள் உண்டு. அதன் சரக்கு சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் மேய்ந்த ஆடுமாடுகளையும் கொன்றது. அதன் சாயலில் ஆய்வுக்கூடத்தில் செய்த மெட்ஃபார்மினை 1957இல் பிரெஞ்சு டாக்டர் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்துக் காட்டினார். இப்போது பலர் சாப்பிடும் எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் இரண்டுக்கும் மூதாதை, 1835இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஃபுளோரிசின்.

அழற்சிக்கே வருகிறேன். வில்லோ மரப்பட்டையின் வழியில் வந்த சாலிசிலேட்டுக்கு நீரிழிவில் வேலை உண்டு என்று 1876இலேயே ஜெர்மனியில் எழுதிவிட்டார்கள். அதிக அளவில் கொடுத்தபோது சிறுநீரில் சர்க்கரை குறைந்தது. பிறகு எல்லாரும் மறந்துபோனார்கள். நூற்றாண்டு கழித்து, அது அழற்சியின் வழியைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது என்று புரிந்தபின், சால்சலேட் என்ற அதன் உறவுக்கார மருந்தை அமெரிக்காவில் ஒழுங்காகச் சோதித்தார்கள். முடிவு 2013இல் வந்தது. நாளைக்கு மூன்றரை கிராம், 48 வாரம். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 0.37 புள்ளி குறைந்தது. குறைந்தது உண்மை. கூடவே கெட்ட கொழுப்பு ஏறியது, சிறுநீரில் புரதம் கசிந்தது. அதனால் அதைச் சர்க்கரை மருந்தாக யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. இதைப் படித்துவிட்டு ஆஸ்பிரினை அள்ளி விழுங்காதீர்கள், வயிற்றில் ரத்தம் கசியும்.

எனக்கு மிகவும் பிடித்த கதை நம் செங்காந்தள். சங்கப் பாட்டில் பெண்களின் விரலுக்கு உவமையாக வருமே, தமிழ்நாட்டின் மாநிலப் பூ, அதுதான். அதன் விதையிலிருந்து கொல்ச்சிசின் எடுக்கிறார்கள். விதைக்காகவே தமிழ்நாட்டில் வேலி கட்டிப் பயிரிடுகிறார்கள். கொல்ச்சிசின் ஓர் அழற்சி அடக்கி, கௌட் என்னும் கீல்வாதத்துக்குப் பழைய மருந்து. ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு நாளைக்கு அரை மில்லிகிராம் கொடுத்தால் மாரடைப்பு குறைகிறது என்று ஆய்வுகள் வந்து, 2023இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி கொடுத்தது. அடுத்த வருடமே வந்த இன்னொரு பெரிய ஆய்வு, மாரடைப்பு வந்த கையோடு கொடுத்தால் பலன் தெரியவில்லை என்றது. சண்டை இன்னும் ஓயவில்லை. நீரிழிவுக்காரர்களில் பலரைக் கொண்டுபோவது இதயம்தான், அதனால் இந்தச் சண்டையை நான் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அதே செங்காந்தளின் கிழங்கைத் தின்றால் உயிரே போகலாம். அரை மில்லிகிராம் மருந்து, அளவு மீறினால் எமன். கிழங்கு ஒவ்வொன்றிலும் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. எனக்குச் செடியோடு பகை இல்லை ஐயா, அளவு தெரியாத செடியோடுதான்.

கேள்வி: ஜோகூரில் தெரிந்தவர் ஒருவர் "முழுக்க முழுக்க மூலிகை" என்று ஒரு பொடி கொடுத்தார். ஒரே வாரத்தில் என் மாமியாருக்குச் சர்க்கரை 12இலிருந்து 5க்கு வந்துவிட்டது! ராத்திரியில் கொஞ்சம் வியர்க்கிறது, கை நடுங்குகிறது. தொடரலாமா?
(உட்லண்ட்ஸ் வாசகி)

வேண்டாம். இதழ் அச்சாகும்வரை காத்திருக்க முடியாத கேள்வி இது, அதனால் உங்களுக்குத் தனியாகவே பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே.

இலையும் வேரும் ஒரு வாரத்தில் 12ஐ 5 ஆக்குவதில்லை. அப்படி ஆக்கினால், பொடிக்குள் யாரோ மாத்திரையை இடித்துப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். வியர்வையும் நடுக்கமும் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவதன் அடையாளம். 2008இல் சிங்கப்பூரில் நடந்தது பலருக்கு மறந்திருக்கும். ஆண்மைக்கு என்று திருட்டுத்தனமாக விற்ற மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மருந்து கலந்திருந்தது. ஐந்து மாதத்துக்குள் 150 பேர் சர்க்கரை தாழ்ந்து மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஏழு பேர் நினைவு திரும்பாமல் கிடந்தார்கள், பின்னர் நான்கு பேர் இறந்தார்கள். நாட்டு மருந்துகளில் ரகசியமாக ஸ்டீராய்டு, சர்க்கரை மருந்து கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் இன்றைக்கும் அவ்வப்போது கண்டுபிடித்து எச்சரிக்கை விடுகிறது. ஸ்டீராய்டும் அழற்சியை அடக்கும், வலி போய்விடும், "மூலிகை வேலை செய்கிறது" என்பார்கள். ஆனால் அது சர்க்கரையை ஏற்றிவிடும்.

பொடியைக் கொட்டிவிடாதீர்கள். பொட்டலத்தோடு டாக்டரிடம் கொடுங்கள். மாமியார் திடீரென்று உளறினாலோ எழுப்பினால் எழாவிட்டாலோ, வாயில் எதையும் ஊற்றாமல் 995ஐ அழையுங்கள். இன்னொன்று, அந்த 12ம் 5ம் நம் ஊர் மில்லிமோல் அளவு, இந்தியாவில் மில்லிகிராம் கணக்கு. அங்கே இருக்கும் உறவினர்களிடம் பேசும்போது 18ஆல் பெருக்கிச் சொல்லுங்கள். "அஞ்சுதானா!" என்று அங்கே அலறப்போகிறார்கள்.

கேள்வி: சிறுகுறிஞ்சான் பொடி?
(பிடோக் வாசகர்)

இலையை மென்றால் நாக்கில் இனிப்பு தெரியாது, அது நிஜம். சர்க்கரையையும் கொஞ்சம் இறக்கலாம். அதனாலேயே கிளிக்லசைடு, கிளிபிசைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடக் கூடாது, இரண்டும் சேர்ந்து இறக்கிவிடும்.

கேள்வி: பாகற்காய் ஜூஸ் குடிக்கச் சொன்னால் என் கணவர் வீட்டைவிட்டே ஓடுகிறார். கட்டாயப்படுத்தலாமா?
(சிராங்கூன் வாசகி)

பாவம், விட்டுவிடுங்கள். நீரிழிவுக்குப் பாகற்காய் மருந்து என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று 2012இல் ஆய்வுகளையெல்லாம் சேர்த்து எடைபோட்டவர்கள் சொல்லிவிட்டார்கள். காயாக நல்ல காய். தேக்கா சந்தையில் இளசாகப் பார்த்து வாங்கி, வெல்லம் போடாமல் பருப்போடு கூட்டு வையுங்கள். சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் கூட்டைக் கூட்டிப் பரிமாறுங்கள். கீழே காப்பிக் கடையில் அவர் என்ன தே (டீ) குடிக்கிறார் என்று ஒருநாள் விசாரியுங்கள். கோசோங், அதாவது சர்க்கரை போடாதது என்று உங்களிடம் சொல்லியிருப்பார்.